பல்செட் மாமாவும் பாடுபட்ட சுரூபமும்

எங்கள் கத்தோலிக்கப் பங்கில் அவரை எல்லோரும் பல்செட் மாமா என்றுதான் சொல்வார்கள். ஞானஸ்நானப் பதிவேட்டில் வேறு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பாரா என்பது சந்தேகம். எனக்கு அவர் உண்மையிலேயே மாமா, அம்மாவின் தம்பி.

மருந்துக் கடைக்கு மேலே இரண்டு சிறிய அறைகளில் அவருடைய லேப். பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் எடுத்த அச்சை அனுப்புவார்கள். மாமா அதில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் ஈறு செய்து, பல்லை ஒவ்வொன்றாக நிறுத்தி, பல்செட்டாகத் திருப்பி அனுப்புவார். சுவர் முழுக்க அலமாரி, அலமாரி முழுக்க பிளாஸ்டர் தாடைகள். முதல் முறை வருகிறவர்கள் நூறு பேர் தங்களைப் பார்த்துச் சிரிப்பதாக நினைத்து வாசலிலேயே நின்றுவிடுவார்கள்.

முப்பத்திரண்டு வருடமாக வாய் செய்தவர், அந்த வாய்க்குரிய முகத்தைப் பார்த்தது குறைவு. அந்தக் குறையைக் கோயிலில் தீர்த்துக்கொள்வார். பூசையில் நன்மை அப்பம் வாங்க வரிசை நகரும்போது அத்தையின் காதில், "அந்தப் பச்சைச் சட்டைக்காரருக்கு மேல்வரிசை நம்மதுதான்" என்பார். அத்தை அவர் தொடையில் கிள்ளுவாள். "இங்கயும் வந்து கடையைத் திறக்கணுமா?"

ஒரு ஜனவரி மாதம், செவ்வாய்க்கிழமை மதியம், பீடத்துக்கு மேலே இருந்த விளக்கை மாற்ற எலக்ட்ரீஷியன் ஏணி போட்டார். ஏணி சரிந்து, சுவரில் மாட்டியிருந்த பாடுபட்ட சுரூபத்தில் இடித்தது. மரச் சிலுவையில் ஆள் உயரத்துக்கு பிளாஸ்டரால் செய்த இயேசு. எழுபது வருடமாக அங்கே தொங்கியவர் முகம் குப்புற விழுந்தார். உடம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. மூக்குக்குக் கீழே உதடு, தாடை எல்லாம் தூளாகிவிட்டன. ஃபாதர் வந்து பார்த்தபோது எலக்ட்ரீஷியன் அந்தத் தூளைக் கைக்குட்டையில் அள்ளி மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தார்.

"நீங்க வாங்கிக்குங்க ஃபாதர். இதை எங்க வைக்கறதுன்னு தெரியல" என்றார். அதற்குப் பிறகு வெகுநாள் அவர் கோயில் பக்கம் வரவேயில்லை.

பங்குப் பேரவை கூடியது. ஃபாதர் ஒரு கேட்டலாக்கை மேசையில் விரித்தார். ஃபைபரில் செய்த புதுச் சுரூபம். கனம் கிடையாது, கழுவலாம், முகமும் லட்சணமாக இருந்தது. பேரவைச் செயலாளர் ஓய்வுபெற்ற ஹெட்மிஸ்ட்ரஸ். ஊரில் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள். மீதிப் பேர் அவரிடம் படிக்காததால் பிழைத்தவர்கள். அவர் பேனாவைத் திறந்து எழுதத் தொடங்கியபோது மாமா எழுந்து நின்றார். பதினோரு வருடப் பேரவை வாழ்க்கையில், 'டீ வந்தாச்சா' என்பதைத் தவிர அவர் எதுவும் பேசி யாரும் கேட்டதில்லை.

"உடைஞ்சது வாயும் தாடையும்தானே ஃபாதர். அது என் வேலைதான்."

"இது சுரூபம் மாமா. பேஷண்ட் இல்ல."

"பேஷண்டாவது வலிக்குதுன்னு சத்தம் போடுவாங்க. இவர் அதுகூடச் செய்ய மாட்டார்."

பெரிய வெள்ளிக்குள் முடிக்க வேண்டும் என்று ஃபாதர் கெடு கொடுத்தார். நான்கு பேர் சேர்ந்து சுரூபத்தை மாடியிலிருந்த லேபுக்கு ஏற்றி, ஜன்னலோரம் இரண்டு பெஞ்சில் கிடத்தினார்கள். தூள் ஒட்டுகிற நிலையில் இல்லை என்பது முதல் நாளே தெரிந்துவிட்டது. பழைய வாய் எப்படி இருந்தது என்று தெரிந்தால் புதிதாகச் செய்துவிடலாம். மாமாவுக்கு அது பழகிய வழிதான். அச்சு அனுப்புகிற டாக்டர்களிடம் நோயாளியின் பழைய புகைப்படம் ஒன்றும் வாங்கி அனுப்பச் சொல்வது அவர் வழக்கம்.

அத்தை வீடு வீடாகப் போய்க் கல்யாண ஆல்பங்களைப் பையில் சுமந்து வந்தாள். முக்கால்வாசிப் படத்தில் மாப்பிள்ளை தலை, பெண்ணின் முக்காடு, பூச்சாடி. அதற்கு மேலே இயேசுவின் முழங்கால் வரை இருக்கும். முகம் பதிந்த ஒன்றிரண்டு படங்களிலும் அது மங்கலாக இருந்தது. புகைப்படக்காரர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்களுக்குக் கூலி கொடுத்தவர் மாப்பிள்ளை.

சரி, மனிதர்களைக் கேட்போம் என்று மாமா ஒரு நோட்டு எடுத்துக்கொண்டு கிளம்பினார். கேள்வி ஒன்றுதான்: வாய் மூடியிருந்ததா, திறந்திருந்ததா? பாடற்குழுத் தலைவர் மூடியிருந்தது என்று சத்தியம் செய்தார். அவர் மனைவி திறந்திருந்தது என்றாள். அன்று அந்த வீட்டில் சமையல் தாமதம். திட்டுவதற்குச் சற்று முன்னால் இருப்பது போல இருக்கும் என்றாள் என் அம்மா. ஹெட்மிஸ்ட்ரஸ், "மூடிய உதடுகள். இதுல என்ன சந்தேகம்?" என்று கேட்டு மாமாவின் நோட்டில் ஓர் எழுத்துப் பிழையையும் திருத்திக் கொடுத்தார். எலக்ட்ரீஷியனை அவர் வீட்டிலேயே போய்ப் பார்த்தார் மாமா. அந்த மனிதர் தரையைப் பார்த்தபடியே, "கிட்டத்துல பாத்தது நான்தான். ஆனா நான் ஒயரைத்தான் பாத்துட்டிருந்தேன்" என்றார்.

மூடியிருந்தது என்றவர்கள் பத்தொன்பது பேர். திறந்திருந்தது என்றவர்கள் இருபத்திரண்டு பேர். கவனிக்கவில்லை என்று ஒப்புக்கொண்டவர்கள் நான்கு பேர். ஐந்தாவதாகத் தன்னையும் அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ள வேண்டியிருந்ததுதான் மாமாவை உலுக்கிவிட்டது.

"ஊர்ல இருக்கிற எல்லார் வாயையும் பாத்தேன். அம்பது வருஷமா எதிர்லயே இருக்கார், அவர் வாயைப் பாக்கல" என்று அத்தையிடம் சொன்னார்.

"அங்க நீங்க செஞ்ச பல் இல்லைல, அதான்" என்றாள் அத்தை. பிறகு அவர் முகம் போன போக்கைப் பார்த்து, தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள்.

மெழுகில் முதல் வாயை மூடியபடி செய்தார். யாரிடமோ கோபித்துக்கொண்டவர் போல இருந்தது. இரண்டாவதைத் திறந்து செய்தார், பற்பசை விளம்பரம். மூன்றாவதில் வேதனையை அள்ளிக் கொட்டினார். என் அம்மா பார்த்ததும் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அத்தை மட்டும் தலையைச் சாய்த்து நின்று பார்த்தாள்.

"இது வலி இல்லைங்க. நாடகம்."

மாமா அதைச் சுரண்டி எடுத்துக் கிண்ணத்தில் போட்டு உருக்கினார்.

அடுத்து நடந்ததை அத்தைதான் பின்னால் என்னிடம் சொன்னாள். அத்தைக்கு முப்பத்தெட்டு வயதில் ஒரு நோயில் பற்கள் முழுவதும் போய்விட்டன. அவளுக்கு செட் செய்தவர் மாமாதான். வெறும் வாயோடு அவளை யாரும் பார்த்தது கிடையாது. மாமாவிடம்கூட, கழற்றும்போது சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள். தவக்காலத்தின் நடுவில் ஒருநாள் மதியம் சாப்பாடு கொண்டு போனவள், மெழுகுக் கிண்ணத்தின் முன்னால் அவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். கதவைச் சாத்தினாள். செட்டைக் கழற்றித் தண்ணீர் டம்ளரில் போட்டாள். ஜன்னல் வெளிச்சத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"என்ன பாக்கணுமோ பாருங்க."

"உங்க மாமா இருபது நிமிஷம் பேசவேயில்லை. எங்க வீட்டுல அதுவே ஒரு புதுமைதான்" என்று சிரித்தாள் என்னிடம்.

புது செட் பொருந்தியிருக்கிறதா என்று பார்க்க, டாக்டர்கள் நோயாளியைச் சில எழுத்துகளைச் சொல்லச் சொல்வார்கள். 'ப' சொன்னால் உதடு தெரியும். 'த' சொன்னால் நாக்கும் முன்பல்லும் சேருகிற இடம் தெரியும். இருபது நிமிடம் கழித்து மாமா, "தாகம்னு சொல்லு" என்றார். அத்தை சொன்னாள். பல் இல்லாத வாயில் நாக்கு அதன் இடத்தைத் தேடியது; மேலுதடு லேசாக நடுங்கியது. "செட்டைப் போட்டுக்கிட்டுச் சொல்லு." சொன்னாள். இப்போது நாக்கு பல்லில் தட்டி நின்றது. "தந்தையேன்னு சொல்லு." வாய் அதே அளவுதான் திறந்தது, நாக்கும் அதே இடத்தில்தான் போய் நின்றது.

சிலுவையில் தொங்கியபோது இயேசு தாகம் என்றும் சொன்னார், தந்தையே என்றும் கூப்பிட்டார். இரண்டும் ஒரே இடத்தில்தான் தொடங்குகின்றன. "எதைச் சொல்ல வந்திருந்தாலும் வாய் இதுதான்" என்றார் மாமா. அத்தையின் முகத்தை அப்படியே பிடித்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாராம். சோறு ஆறிப்போனது.

அந்த வாரமே வாய் முடிந்தது. மேல்வரிசையில் நான்கு பற்களின் நுனி மட்டும் தெரியும்; நாக்கு அதில் தட்டி நிற்கும். நிறம் பார்க்க ஷேடு கார்டை எடுத்து, வெள்ளையை ஒதுக்கிவிட்டு, கொஞ்சம் மங்கிய பழுப்பைத் தேர்ந்தெடுத்தார். ஒரு பல் இம்மியளவு கோணல். அம்மா கேட்டதற்கு, "பல் செய்யறது தச்சு வேலை பாத்து வெயில்ல நடந்தவருக்கா, சினிமா ஹீரோவுக்கா? வரிசை சுத்தமா இருந்தா யார் வாய்லயும் அது பொய்யாத்தான் தெரியும்" என்றார்.

சுரூபத்தை மீண்டும் மாட்ட எலக்ட்ரீஷியனையே கூப்பிட்டார். அவர் முடியாது என்றார். "நீங்க வரலைன்னா நான் ஏறுவேன். எனக்கு ரெண்டாவது படியிலயே தலை சுத்தும். அப்புறம் அவருக்கும் எனக்கும் சேர்த்து வாய் செய்யணும்" என்றார் மாமா. எலக்ட்ரீஷியன் வந்தார். ஒரு கம்பி தொங்கிய இடத்தில் இரண்டு சங்கிலி போட்டார். இறங்கி வந்த பிறகும் சங்கிலியையே பார்த்துக்கொண்டு நின்றார். தவக்காலம் என்பதால் முகத்தின் மேல் ஊதாத் துணியைப் போர்த்தினார்கள்.

பெரிய வெள்ளி மாலை ஃபாதர் துணியை விலக்கினார். முன்வரிசையில் இருந்தவர்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். பிறகு ஒரு சின்னப் பெண், "வாய் திறந்திருக்கு" என்றாள். அங்கிருந்து முணுமுணுப்பு பின்வரிசைவரை போனது. பத்தொன்பது பேருக்கும் அது தங்களைப் பொய்யர் என்று சொன்ன மாதிரி ஆகிவிட்டது.

அடுத்த பேரவைக் கூட்டத்துக்கு ஹெட்மிஸ்ட்ரஸிடமிருந்து இரண்டு பக்கக் கடிதம் வந்தது. ஆண்டவர் பல்லைக் காட்டிக்கொண்டிருப்பது பீடத்தின் மாண்புக்கு ஏற்றதல்ல. உதடுகளை மூட வேண்டும். ஃபாதர் தயங்கித் தயங்கி வாசித்து முடித்தார்.

மாமா கோபப்படவில்லை. "மூடிடலாம் டீச்சர், ஒருநாள் வேலை. நீங்க எப்பவும் கதவோரம் உக்காருறீங்க. ஒரு ஞாயிறு முன்னாடி வந்து பாத்துட்டுச் சொல்லுங்க. அப்பவும் மூடச் சொன்னா மூடிடறேன்."

ஹெட்மிஸ்ட்ரஸ் மூன்று ஞாயிறு முன்வரிசையில் உட்கார்ந்தார். மூன்றாவது ஞாயிறுக்கு மறுநாள் காலையில், கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறி லேபுக்கு வந்தார். அலமாரியிலிருந்த தாடைகளைப் பார்த்தும் அசரவில்லை. எத்தனையோ வகுப்புகளைப் பார்த்தவர்.

"எனக்கு நாலு வருஷமா காது கேக்கல" என்றார். "யார்கிட்டயும் சொல்லல. பேசறவங்க உதட்டைப் பாத்துப் புரிஞ்சுக்குவேன். ஃபாதர் தலையைக் குனிஞ்சு புத்தகத்தைப் பாத்துப் படிக்கிறார். மைக் வாயை மறைச்சிடுது. நாலு வருஷமா பூசையில ஒரு வார்த்தைகூட எனக்கு வந்து சேரல. எழுந்து நிக்கிறவங்களைப் பாத்து எழுந்து நிப்பேன், அவ்வளவுதான்."

மாமா கையிலிருந்த மெழுகுக் கத்தியைக் கீழே வைத்தார்.

"உன் சுரூபத்தை மூணு வாரம் பாத்தேன். 'த'ன்னு ஆரம்பிக்கிறார். அதுக்கு மேல என்னன்னு எனக்குத் தெரியல. ஆனா ஏதோ சொல்றார். மூட வேண்டாம்."

'த' விஷயம் மாமாவையும் அத்தையையும் தவிர உலகத்தில் யாருக்கும் தெரியாது. மாமா எழுந்து வந்தார். அவருக்கு நேர் எதிரே நின்று, முகத்தில் வெளிச்சம் படும்படி திரும்பிக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டார்: "டீ சாப்பிடறீங்களா டீச்சர்?"

"சர்க்கரை இல்லாம" என்றார் அவர்.

அவருடைய சம்மதத்தோடு மாமா ஃபாதரிடம் பேசினார். அடுத்த ஞாயிறு முதல் ஃபாதர் மைக்கை மார்புக்கு இறக்கினார். வாசகம் முடிந்ததும் தலையை நிமிர்த்தி, முன்வரிசையைப் பார்த்துப் பிரசங்கம் வைத்தார். இப்போது பிரசங்கம் கொஞ்சம் நீளமாகிவிட்டது என்று சிலருக்குக் குறை. ஹெட்மிஸ்ட்ரஸ் தன் கடிதத்தை வாபஸ் வாங்கி இன்னொரு கடிதம் எழுதினார். முதல் கடிதத்துக்கு முன்னால் தானும் அந்த முகத்தைச் சரியாகப் பார்த்ததில்லை என்று அதில் ஒரு வரி இருந்தது. பத்தொன்பது பேரில் சிலர் இன்னும் பழைய வாய் மூடியிருந்தது என்றுதான் சொல்கிறார்கள். மாமா மறுப்பதில்லை.

போன வருடம் லேபின் பழைய நோட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்ற மாமா என்னைக் கூப்பிட்டார். அவர் செய்கிற ஒவ்வொரு செட்டுக்கும் ஓர் எண், தேதி, நோயாளி பெயர், அச்சு எடுத்த டாக்டர் பெயர். சுரூபம் செய்த மார்ச் மாதத்துக்கும் ஒரு வரி இருந்தது. நோயாளி பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. டாக்டர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அத்தையின் பெயரை எழுதியிருந்தார்.

அன்று மதியம் சாப்பாடு கொண்டு வந்த அத்தையிடம் அதைக் காட்டினேன்.

"தெரியும். தூசி தட்டறப்போ பாத்தேன்" என்றாள். நோட்டை வாங்கி மூடி, எண்ணெய் படாத இடமாகப் பார்த்து வைத்துவிட்டு, எனக்குத் தட்டு எடுத்துப் போட்டாள்.