பின்னாலிருந்து எடுத்த படம்

என் அக்காவுக்கு வேலை வீட்டிலேயே. கணவனின் அடிக்குத் தப்பி ஓடிவந்த பெண்களை மறைவாகக் குடிவைக்கும் ஓர் அமைப்புக்காக, படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு போனில் பேசுவாள். தண்ணீர் குடிக்க எழுந்தாலும் கணினியைப் பூட்டிவிட்டுத்தான் எழுவாள். கேமராவின் மேல் காகிதம் ஒட்டியிருப்பாள். யாரிடம் என்ன பேசினாள் என்று மூச்சு விடமாட்டாள். "பெரிய ராணுவ ரகசியம்!" என்று நானும் மாமாவும் அவளை ஓட்டாத நாளில்லை.

மாமா, அவள் கணவர், தங்கமான மனிதர்தான். ஆனால் தம்பட்டம் அடிக்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. "அண்ணி வீட்டுல சும்மாதானே இருக்காங்க" என்று அவருடைய தங்கை குடும்ப வாட்ஸப் குழுவில் எழுதிவிட்டாள். பொறுப்பாரா? டீயோடு பூனை மாதிரி உள்ளே போய், அக்காவுக்குத் தெரியாமல் பின்னாலிருந்து ஒரு படம் எடுத்து, "எங்க வீட்டு ஆபீசர்" என்று குழுவில் போட்டார்.

மாடி வீட்டில் இருந்த நான், அவள் கொண்டையைக் கிண்டலடிக்கலாமென்று படத்தைப் பெரிதாக்கினேன். கொண்டைக்குப் பக்கத்தில் கணினித் திரை. ஒரு பெண்ணின் பெயர், தெரு, பச்சை கேட் என்பது வரை பளிச்சென்று தெரிந்தது. செருப்புகூடப் போடாமல் படியிறங்கி ஓடினேன்.

படத்தைப் பார்த்ததும் அக்காவின் முகம் வெளிறிப்போயிற்று.

"அழிங்க! முதல்ல அழிங்க!"

மாமா அழித்தார். "அழிச்சிட்டேம்மா. நம்ம சொந்தக்காரங்கதானே பாத்தாங்க?"

"உங்க தங்கச்சி அதை ஸ்டேட்டஸ்ல வெச்சிருக்காங்க, மாமா," என்றேன். அவரைப் பிடித்து உலுக்கலாம்போல் இருந்தது எனக்கு. அவர் போன் போட்டு அதையும் எடுக்கச் சொன்னார்; ஆனால் அதற்குள் யார் யார் பார்த்தார்களோ, யார் யாருக்கு அனுப்பினார்களோ! அந்தப் பெண்ணின் புருஷன் கத்தியோடு ஊர் ஊராகத் தேடிக்கொண்டிருக்கிறான் என்று அக்கா அப்போதுதான் வாய் திறந்தாள்.

முதலில் அலுவலகத்துக்குச் சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை. வண்டி அனுப்புகிறோம் என்றார்கள். பிறகு அந்தப் பெண்ணை அழைத்தாள். பதற்றத்தில் ஹெட்போன் ஒயர் பிடுங்கிக்கொள்ள, அந்தக் குரலை நாங்களும் கேட்டோம்.

"உடனே கிளம்புங்க," என்றாள் அக்கா. "வண்டி வருது. அதுவரைக்கும் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கங்க."

"இப்பதான் துணி துவைச்சுப் போட்டேன், மேடம். ஈரமா இருக்கே."

"துணி கிடக்கட்டும்மா. பாப்பாவை மட்டும் தூக்கிக்கங்க."

"அவரு... பாத்துட்டாரா, மேடம்?"

"தெரியலம்மா," என்றாள் அக்கா.

தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. பிறகு, சற்றுத் தள்ளி ஒரு குழந்தையின் குரல்.

"இந்த வீட்டுலயும் இருக்கக் கூடாதாம்மா?"

மாமா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.