தோளில் கிடந்த துண்டு

தான் நடத்திய பாடம் தன் காதில் மட்டும் விழாமல் ஒரு மனிதரால் எப்படி இருக்க முடிகிறது? எனக்கு இன்னும் விளங்கவில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு தபால் வழியில் பி.ஏ. வரலாறு படித்தேன். அருப்புக்கோட்டையில் ஞாயிறுதோறும் எங்களுக்கு வகுப்பெடுத்த சார் அவர். சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. நன்றாக ஒன்றைச் சொல்லிவிட்டால் சாக்பீஸை மேலே எறிந்து பிடிப்பார்.

அன்று பழைய இங்கிலாந்துப் பாடம். பிரபு, கனவான், சொந்த நிலத்து விவசாயி, கூலியாள் என்று போர்டில் மேலிருந்து கீழாக எழுதினார். "கீழ உள்ளவன் மேல உள்ளவனப் பாத்தா தொப்பியக் கழத்தணும். சர்ச்சுல உக்கார்ற பெஞ்சு கூட அந்தஸ்துப்படிதான். மனுசங்களா இவனுக?" சாக்பீஸ் பறந்தது. நாங்கள் கைதட்டினோம்.

வகுப்பு முடிந்து சாரும் நாங்களும் வெளியே வந்தபோது, வாசலில் என் அப்பா, என் ஆறு வயது மகளோடு காத்திருந்தார். திருச்சுழிப் பக்கம் சாருடைய குடும்பத்து நிலத்தில் கூலி வேலை பார்த்தவர். சாரைவிட இருபது வயது மூத்தவர்.

"என்னலே, டவுனுக்கு வந்தா துண்டு தோள்லயே கெடக்குமோ?" என்று சார் சிரித்தார்.

அப்பா துண்டை உருவி அக்குளில் இடுக்கினார். "கவனிக்கலங்கய்யா."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனாலும் "வாரேன் சார்" என்றுதான் சொன்னேன். பரீட்சையை நினைத்தேனா, அப்பாவுக்கு ஊரில் தொல்லை வரும் என்று பயந்தேனா, தெரியவில்லை.

பஸ்ஸில் மகள் கேட்டாள்: "தாத்தா என்னம்மா தப்புப் பண்ணாக?"

"ஒரு தப்பும் பண்ணல."

"பெறகு நீ ஏன் பேசாம இருந்த?"

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவளுக்கு நான் என்ன பதில் சொல்லட்டும்? பிள்ளை வளர்ப்பவர்கள் தயவுசெய்து எனக்கு எழுதுங்கள்.