பல்லுக்கொழுக்கட்டைப் படம்

என் தம்பி தன் முதல் வருடத்தில் ஒழுங்காக வளர்ந்தது தொலைபேசியில் மட்டும்தான். மூன்றாம் மாதம் அவனுக்குக் கழுத்து நின்றது. ஐந்தாம் மாதம் உடம்பு பிரட்டினான். ஏழாம் மாதம் தானாக எழும்பி நிமிர்ந்து இருந்தான். எட்டாம் மாதம் முற்றம்வரை தவழ்ந்துபோய்க் கோழித்தீன் சட்டிக்குள் கையை விட்டான். இதெல்லாம் அம்மா அப்பாவுக்குச் சொன்னவை. யாழ்ப்பாணத்துத் தீவுப்பக்கம், நாரந்தனையில் எங்கள் வீட்டிலிருந்த தம்பி இவற்றில் ஒன்றையும் செய்யவில்லை. வைத்த இடத்தில் வைத்தபடி பாயில் கிடந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எனக்கு அப்போது ஏழு வயது. அப்பா படகில் அவுஸ்திரேலியாவுக்குப் போய், அங்கே ஒரு முகாமில் இருந்தார். அவர் போனபோது தம்பி அம்மாவின் வயிற்றில். ஏன் போனார் என்று எனக்கு யாரும் இருத்திவைத்துச் சொல்லவில்லை. அதற்கு முன்னர் அவரை இரண்டு தரம் விசாரணைக்கென்று கூட்டிக்கொண்டு போனார்கள் என்பதும், இரண்டாம் தரம் திரும்பி வந்தவர் ஒரு கிழமையாக வாய் திறக்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

முகாமில் ஒரு கடதாசி இருந்ததாம். அதில் கையெழுத்து வைத்தால் விமானம் ஏற்றி ஊருக்கு அனுப்பிவிடுவார்களாம். மனம் விட்டுப்போன நாட்களில் அப்பா அந்தக் கடதாசியைப் பற்றியே கதைப்பார். "பேசாமல் வைச்சிட்டு வந்திடுறன்" என்பார். அம்மாவின் முகம் அப்போது சாம்பல் பூத்துவிடும். ஃபோனை வைத்ததும் என்னைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பிச் சொல்வார்.

"தம்பியைப் பற்றி அப்பாட்டை ஒண்டும் உளறிப்போடாதை, பிள்ளை. கவலைப்பட்டாரெண்டால் கையெழுத்தை வைச்சிட்டு வந்திடுவார். வந்தா எயார்போட்டிலையே பிடிச்சுக்கொண்டு போயிடுவாங்கள்."

எனக்கோ அப்பா வரவேண்டும். அதுவும் உடனே வரவேண்டும். "தம்பி இன்னும் எழும்பி இருக்கேல்லை அப்பா" என்று ஒரு வசனம் சொன்னால் போதும், அவர் வந்துவிடுவார் என்பது எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. கிழமைக்கு ஒருதரம் அந்த வசனத்தை வாய்க்குள் வைத்துக்கொண்டு, "நல்லாய்ப் படிக்கிறன் அப்பா, தம்பியும் சுகம்" என்று சொல்லிவிட்டு ஃபோனைத் திருப்பிக் கொடுப்பேன். ஏழு வயதில் அதைவிடக் கடினமான வேலை எனக்கு யாரும் தரவில்லை.

அம்மாவுக்குக் கற்பனை குறைவு. புதிதாகப் பொய் கட்டத் தெரியாதபடியால், என் முதல் வருடத்தை எடுத்துத் தம்பிக்குப் போட்டுவிட்டார். என் பழைய சட்டைகளைப் போட்ட மாதிரித்தான். ஐந்தாம் மாதம் உடம்பு பிரட்டியது நான். கோழித்தீன் சட்டிக்குள் கையை விட்டதும் நான்தான். அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்பிடியே? அக்காவைப் போலத்தான்" என்று சிரிப்பார். எனக்கு அதில் ஒரு பெருமை வேறு.

மருத்துவமாது மாதத்தில் ஒருநாள் சைக்கிளில் வருவார். அவர் வந்து நிரப்பும் கிளினிக் அட்டையில் சின்னச் சின்னப் பெட்டிகள் இருந்தன. பிள்ளை முகம் பார்த்துச் சிரிக்கிறதா, பிரட்டுகிறதா, யாரும் பிடிக்காமல் எழும்பி இருக்கிறதா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெட்டி. அவருக்காவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அதே சைக்கிள் புளியங்கூடலுக்கும் போகும். அங்கே மாமி, அப்பாவின் அக்கா, இருந்தார். மாமியின் காதில் ஒரு கதை விழுந்தால் அன்றைக்கே அது கடல் தாண்டும். ஆகவே மருத்துவமாது வரும் நேரம் பார்த்து அம்மா தம்பிக்குப் பால் கொடுத்து நித்திரையாக்கிவிடுவார். நிறை சரியாக இருந்தது. கேட்ட கேள்விக்கெல்லாம் "ஓம்" என்ற மறுமொழி இருந்தது.

ஒருநாள் மழை இருட்டிக்கொண்டு வந்தது. மருத்துவமாது போகும் அவசரத்தில், "தம்பி இப்ப பிடிக்காமல் இருக்கிறானோ?" என்று கேட்டார். அம்மா அன்றைக்கு ஏனோ வாயைத் திறந்தார், மூடினார். உதவிக்கு நான் முந்திக்கொண்டேன்.

"ஓம் மிஸ். நேற்றுக் கதிரையிலையும் இருந்தவன்."

அவர் சிரித்துக்கொண்டு பெட்டிக்குள் சரி போட்டார். அம்மா என்னைப் பார்த்தார். அது மெச்சிய பார்வை என்று நினைத்துக்கொண்டு நான் விளையாடப் போனேன். அம்மா அன்று உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாரோ என்று இப்போதுதான் யோசிக்கிறேன்.

ஒன்பதாம் மாதம் தம்பிக்கு ஒரு பல் முளைத்தது. கீழ் முரசில், அரிசி மணி அளவில். அது ஃபோனில் முளைக்கவில்லை, வாயிலேயே முளைத்தது. அம்மாவால் நம்ப முடியவில்லை. விரலால் தடவித் தடவிப் பார்த்தார், என் விரலையும் பிடித்து வைத்துத் தடவிக் காட்டினார். ஒன்பது மாதத்தில் சொல்லக் கிடைத்த முதல் உண்மை அது. பாவம், அந்தச் சந்தோசத்தில் என்ன செய்கிறோம் என்று யோசிக்காமல் அப்பாவுக்கும் மாமிக்கும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

எங்கள் பக்கத்தில் பிள்ளைக்கு முதற்பல் வந்தால் பல்லுக்கொழுக்கட்டை கொட்டவேண்டும். தேங்காயைப் பல்லுப் பல்லாக அரிந்து, கொழுக்கட்டையின் விளிம்பில் குத்தி அவித்து, பிள்ளையைப் பலகையில் இருத்தி, தலைக்கு மேலாலே கொட்டுவார்கள். முன்னால் ஒரு தட்டில் பேனை, கொப்பி, கத்தரிக்கோல், சங்கிலி, நெல் என்று வைத்து, பிள்ளை எதைத் தொடுகிறதோ அதுதான் அதன் எதிர்காலம் என்பார்கள். கொட்டுவது மாமியின் உரிமை. மாமி நாள் பார்த்துவிட்டார். "தனிய இருத்தி ஒரு படம் எடுத்து அனுப்புங்கோ, முகத்தை வடிவாய்ப் பாக்கவேணும்" என்று அப்பாவும் சொல்லிவிட்டார்.

தம்பிக்குக் கழுத்து ஓரளவு நின்றிருந்தது. முதுகுதான் நிற்கவில்லை. இருத்தினால் ஈரச்சீலை மாதிரி மடிந்து விழுவான். அம்மா இரண்டு நாள் சாப்பிடாமல் யோசித்தார். மூன்றாம் நாள் அலுமாரியைத் திறந்து தன் கூறைச்சேலையையும் இன்னொரு பட்டுச்சேலையையும் எடுத்தார்.

படத்துக்குப் பின்னால் வடிவாக இருக்கட்டும் என்று அறை வாசலில் சேலை கட்டுவது வழக்கம்தானே, யாரும் ஒன்றும் நினைக்கமாட்டார்கள். இரண்டு சேலைகளும் ஒன்றின் மேல் ஒன்று விழும் இடத்துக்கு நேர்முன்னால் தம்பியின் பலகை. சேலைக்குப் பின்னால், அறைக்குள், நான். தம்பிக்குத் தொளதொளத்த ஒரு பட்டுச்சட்டை போட்டு, முதுகுப்பக்கத் தெறிகளைப் பூட்டாமல் விட்டிருந்தது. அதற்குள்ளால் இரண்டு கைகளையும் விட்டு அவனுடைய விலாவைப் பிடித்துக்கொண்டு இருக்கவேண்டும். காலையில் இரண்டு தரம் ஒத்திகை பார்த்தோம்.

"அசையக்கூடாது. இருமக்கூடாது. என்ன நடந்தாலும் கையை எடுக்கக்கூடாது" என்றார் அம்மா. "ஏலுமே, பிள்ளை?"

"ஏலும்" என்றேன்.

பின்னேரம் மாமி வந்தார். மாமியின் மூத்த மகள் படம் எடுக்கத் தன் ஃபோனைக் கொண்டுவந்தாள். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் ஐந்தாறு பேர் கொழுக்கட்டை பொறுக்க வந்திருந்தார்கள். நான் சேலைக்குப் பின்னால் முழங்காலில் நின்று எல்லாவற்றையும் காதால் பார்த்தேன்.

"எங்கை மூத்தவளைக் காணேல்லை?" என்றார் மாமி.

"கற்பூரம் முடிஞ்சுது. கடைக்கு விட்டனான்" என்றார் அம்மா. கொஞ்ச நேரம் கழித்து, தானாகவே, "இப்ப வந்திடுவாள்" என்றும் சேர்த்துக்கொண்டார்.

தம்பியின் விலா என் கைகளுக்குள் சூடாக இருந்தது. அவனுடைய இதயம் குருவிக்குஞ்சின் இதயம் போல அடித்துக்கொண்டிருந்தது. மாமி ஏதோ தேவாரத்தை முணுமுணுத்துக்கொண்டு கொழுக்கட்டையைக் கொட்டினார். பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டு பாய்ந்தார்கள். சேலைக்கு மேலாலே தெறித்து என் தலையிலும் ஒன்று விழுந்து வெடித்தது. இன்னொன்று உருண்டு வந்து என் முழங்காலடியில் நின்றது. பயறும் சர்க்கரையும் தேங்காய்ப்பூவும் மணந்தன. எடுக்கக் கை இல்லை. பொய் சொன்ன வாய்க்குப் போசனம் கிடையாது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்தது சரிதான் என்று நினைத்தேன். அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

பிறகு தட்டை வைத்தார்கள். "எடுங்கோ ராசா, எடுங்கோ" என்றார் மாமி. தம்பியின் கை அசையவில்லை. "என்ன இவன், பாக்கிறானில்லை" என்று மாமி சொல்லத் தொடங்கியபோது அம்மாவின் இருமல் கேட்டது. ஒத்திகையில் இல்லாத இருமல். எனக்கு விளங்கியது. தம்பியை மெதுவாக முன்னுக்குச் சாய்த்தேன். அவனுடைய கை தொப்பென்று தட்டில் விழுந்தது.

"பேனை! பேனையைத் தொட்டிட்டான்!" மாமி கத்தினார். "என்ர மருமோன் எஞ்சினியரா வரப்போறான்!"

எல்லோரும் கைதட்டினார்கள். அந்த நேரத்தில்தான் படம் எடுக்கப்பட்டது. இழுத்து நிமிர்த்தினேன், அம்மா வந்து தம்பியைத் தூக்கிக்கொண்டார். நான் பின்வாசலால் ஓடி, வேலியைச் சுற்றி, கற்பூரம் இல்லாமலே கடையிலிருந்து வந்து சேர்ந்தேன்.

எல்லோரும் போன பிறகு அம்மா என்னைக் கிணற்றடியில் இருத்தித் தலையில் ஒட்டியிருந்த தேங்காய்த் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்தார். எடுக்க எடுக்க அழுதார். எல்லாம் சரியாகத்தானே நடந்தது, ஏன் அழுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. கொழுக்கட்டை முடிந்துவிட்டதற்காக்கும் என்று நினைத்தேன்.

முகாமில் கிழமைக்கு ஒருதரம் கணினியில் இருக்க விடுவார்கள். அப்பா படத்தைப் பார்த்துவிட்டு ஃபோன் எடுத்தபோது அம்மா குசினியில் நின்றார். வழக்கத்துக்கு மாறாக, "பிள்ளை, முதல் உன்னோடைதான் கதைக்கவேணும்" என்றார் அப்பா.

"படம் பாத்தனான். நல்ல வடிவு. நீ எங்கை, படத்திலை காணேல்லை?"

"நான் கடைக்குப் போனனான் அப்பா."

லைன் அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன்.

"கை நோகேல்லையே, குஞ்சு?"

"இல்லை அப்பா" என்றேன். "தம்பி பாரமில்லை."

பிறகு, "சரி, அம்மாட்டைக் குடு" என்றார். அம்மா கை துடைத்துக்கொண்டு வந்து, தம்பி எப்படிச் சாய்ந்து பேனையைத் தொட்டான் என்று விபரமாகச் சொன்னார். அப்பா எல்லாவற்றையும் கேட்டார். "அக்காவைப் போலத்தான்" என்று அன்றைக்குச் சொல்லவில்லை.

"இஞ்சேரும்" என்றார். "பல்லு முளைச்ச பிள்ளையளை ஒருக்கால் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியிலை பிள்ளையளின்ர டொக்டரிட்டைக் காட்டுறது நல்லமாம். இஞ்சை என்னோடை இருக்கிற ஒராள் சொன்னவர். பல்லோடை சேத்து உடம்பு முழுக்கப் பாப்பினமாம். வாற கிழமையே கொண்டுபோய்க் காட்டும்."

"பல்லுக்கோ?" என்றார் அம்மா.

"ஓம். பல்லுக்குத்தான்."

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு கதிரையில் இருந்தார். பிறகு, "கடதாசியிலை கையெழுத்து ஒண்டும் வைக்கேல்லைத்தானே?" என்று கேட்டார்.

"இல்லை. வைக்கமாட்டன். இனி அதை யோசியாதையும்."

அப்பா கையெழுத்து வைக்கவில்லை. இன்னும் வரவுமில்லை. முகாமிலிருந்து வெளியே விட்டார்கள், ஆனால் போய்வரும் விசா இதுவரை கிடைக்கவில்லை. தம்பிக்கு இப்போது பன்னிரண்டு வயதாகிவிட்டது. சில்லுக்கதிரையில் பட்டி கட்டி இருத்தினால் இருப்பான். அவனை அப்பா ஒருநாளும் தொட்டதில்லை. இன்றும் வீடியோவில் வந்தால், "தம்பி பாரமாயிட்டானே?" என்று என்னிடம்தான் கேட்பார். "இல்லை அப்பா" என்பேன். இப்போது அது பொய்.

அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தது போன வருடம்தான். தம்பி முன்னுக்குச் சாய்ந்ததில் சட்டை மேலே ஏறியிருக்கிறது. வயிற்றின் இரண்டு பக்கத்திலும் நாலு நாலு விரல்கள். நகங்களில் சிவப்புக் கியூட்டெக்ஸ். அதைப் பூசிவிட்டது மாமியின் மகள், படத்தை எடுத்து அனுப்பியதும் அவள்தான். கவனிக்காமல் அனுப்பினாளா, கவனித்துத்தான் அனுப்பினாளா என்று நான் கேட்கவில்லை. அம்மாவிடமும் காட்டவில்லை. அப்பாவை வரவிடாமல் பண்ணியது என் கைகள்தான் என்றே இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். அவர் அந்தக் கைகளைப் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு, அம்மா அவ்வளவு பாடுபட்டுத் தூக்கிப் பிடித்ததை விழவிட மனமில்லாமல் அங்கேயே இருந்துவிட்டார்.

அப்பா பல்லுக்கென்று சொன்ன அந்த ஃபோனுக்கு அடுத்த கிழமை நாங்கள் மூன்று பேரும் முதல் பஸ்ஸில் யாழ்ப்பாணம் போனோம். எல்லாப் பெட்டியிலும் சரி போட்ட கிளினிக் அட்டை அம்மாவின் கைப்பைக்குள் இருந்தது. அதைப் பார்த்துவிட்டு டொக்டர் என்ன கேட்கப்போகிறார் என்று அம்மாவுக்குத் தெரிந்திருக்கும், பண்ணைப் பாலம் வந்தபோது முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டார். தம்பி என் மடியில் கிடந்தான். எனக்கு அப்பாவை நினைக்கச் சிரிப்பாக வந்தது.

"அப்பாக்கு ஒண்டும் தெரியாதடா" என்று அவனுடைய காதுக்குள் சொன்னேன். "பல்லுக்கு டொக்டராம்."

காதில் மூச்சுப் பட்ட கூச்சத்தில் தம்பியும் சிரித்தான், அந்த ஒரு பல் தெரிய.