மனோகரன் ஓட்டிய போட்டில் ஒரு ஷூட்டிங்

திலீப் முதலில் சொன்னது சின்னப் பொய்தான். கல்லூரியில் சேர்ந்த புதிதில் வகுப்பில் ஒவ்வொருவராக எழுந்து, அப்பா என்ன செய்கிறார் என்று சொல்லிக்கொண்டு வந்தார்கள். ஒருத்தியின் அப்பா பேங்க் மேனேஜர், இன்னொருத்தனின் அப்பா கட்டட கான்ட்ராக்டர். இவன் முறை வந்தபோது, காசிமேட்டில் சொந்தமாக மீன்பிடிப் போட்டு வைத்திருக்கிறார் என்று வாயில் வந்துவிட்டது. சொல்லிவிட்டு உட்கார்ந்தான். யாரும் மலைக்கவும் இல்லை, நம்பாமல் பார்க்கவும் இல்லை. அவ்வளவு சுலபமாகப் போணியான பொய்யை அப்புறம் யார் போய்த் திருத்துவார்கள்?

அப்பா மனோகரன் போட்டு ஓட்டுகிற டிரைவர். போட்டு ஜெயவேலுடையது. இதில் மறைக்க என்ன இருக்கிறது என்று கேளுங்கள், எனக்கும் தெரியவில்லை. திருவொற்றியூர்க் குப்பத்தில் மனோகரன் தெருவில் நடந்து போனால் வயசுப் பையன்கள் மடித்துக் கட்டிய லுங்கியை இறக்கி விடுவார்கள். கூட வருகிற ஆட்களின் உயிர் அவர் கையில். காற்று மாறுகிறது, திரும்பலாம் என்று அவர் சொன்னால் சொந்தக்காரர் ஜெயவேலே மறுபேச்சுப் பேச மாட்டார். அப்பேர்ப்பட்ட ஆளுக்குப் பிறந்த பிள்ளைக்கு, அப்பா இன்னொருத்தர் போட்டில் வேலை செய்கிறார் என்று சொல்ல நாக்கு எழவில்லை. அண்ணா நகர்ப் பிள்ளைகளோடு கேன்டீனில் உட்கார்ந்ததும் இவன் பேச்சே மாறிவிடும். 'கீது' எல்லாம் 'இருக்கு' ஆகிவிடும். வீட்டுக்கு வந்தால்தான் பழைய வாய் திரும்பும்.

இரண்டாம் வருஷம் சினிமா வகுப்பில் ஒரு வேலை கொடுத்தார்கள். முழுப் படம் வேண்டாம், ஒரு படத்தின் ஆரம்பம் மட்டும், தலைப்பு வருகிற வரைக்கும் எடுத்துக் காட்ட வேண்டும். பார்க்கிறவன் எழுந்து போகாமல் உட்கார வேண்டும், அவ்வளவுதான். குழுவில் நாலு பேர். சௌமியா இயக்கம். ராயபுரத்து ஹஃப்சா கேமரா. திருமுருகன் நல்ல உயரம், அதனால் நடிப்பு. திலீப்புக்கு இடம் பிடிப்பதும், இடத்தைச் சோடிப்பதும்.

சௌமியாவுக்கு ஒரு யோசனை இருந்தது. விடிகாலையில் மீன் ஏலம் கூவுகிற ஒரு அம்மா. முகம் காட்டாமல் குரலை மட்டும் கேட்க விட்டு, மெதுவாகக் கையில் ஆரம்பித்து முகத்துக்குப் போகலாம் என்றாள். ஹஃப்சாவுக்கும் அது பிடித்திருந்தது. நல்ல யோசனைதான். அதைக் கெடுத்தவன் யார் தெரியுமா? நம்ம ஆள்தான். ஏலம் கூவுகிற அம்மா என்றதும் அவனுக்கு, அதே வேலை செய்கிற தன் அம்மா முத்தம்மாவின் குரல் ஞாபகம் வந்தது, உடம்பெல்லாம் கூசியது. வடசென்னை என்றால் வெட்டும் குத்தும்தான் எடுபடும், ரத்தத்தில் ஆரம்பித்தால் ஒருத்தரும் அசைய மாட்டார்கள் என்றான்.

"உங்க ஏரியால நிஜமாவே அப்படி நடக்குமா?" என்று கேட்டாள் சௌமியா.

தினமும் நடக்கும் என்றான் திலீப். அடப்பாவி! அவன் பிறந்ததிலிருந்து அந்தக் குப்பத்தில் நடந்ததெல்லாம் குழாயடிச் சண்டை. அதிலும் குடம்தான் நசுங்கியது.

அப்புறம் திட்டம் வேகமாக வளர்ந்தது. பூட்ஸ் போட்ட ஒரு கால் போட்டின் முனையில் வந்து இறங்கும். கத்தியை ஒரு கை துடைக்கும். பலகையில் ரத்தம் வழிந்து கடலில் சொட்டும். சொட்டுகிற இடத்தில் தலைப்பு. சௌமியா ஒவ்வொரு ஷாட்டையும் படமாக வரைந்து காட்டினாள். வரைந்து முடித்துவிட்டு, "போட்டுக்குப் பிரச்சனையே இல்ல, திலீப்போட அப்பாகிட்ட இருக்கே" என்றாள். திலீப் தலையை ஆட்டினான்.

அது மீன்பிடித் தடைக்காலத்தின் கடைசி. போட்டுகளுக்கெல்லாம் பெயின்ட் அடித்து, வலையைச் சரிபார்த்து, கடலில் இறங்கும் நாளுக்காகக் காத்திருந்தார்கள். மகன் வந்து கேட்டதும் மனோகரன் குளிர்ந்து போனார். பிள்ளை தன் வேலையைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை பேசியே எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. ஜெயவேலைக் கேட்க வேண்டாமா என்றாள் முத்தம்மா. எதற்கு, அவர் ஒன்றும் சொல்ல மாட்டார், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மகனை உட்கார வைத்துச் சொன்னார்.

"வெள்ளிக்கெழம பூசை போட்டு அணியத்துல மஞ்ச குங்குமம் வெச்சிடுவோம். போட்டு கடலுக்குப் போற வரிக்கும் அது அப்டியே இர்க்கணும். அங்க மட்டும் செருப்புக் காலோட யாரும் ஏறக்கூடாது. மத்த எடத்துல எங்க வோணா எட்துக்கங்கடா. உன் தோஸ்துங்களாண்ட மறக்காம சொல்லிடு."

அணியம் என்பது போட்டின் முன்முனை. சௌமியா வரைந்த அத்தனை படமும் அங்கேதான் இருந்தன.

சரி நைனா என்றான் திலீப். சொல்லத்தான் நினைத்தான். மறுநாள் கல்லூரியில் இரண்டு தடவை வாயைத் திறந்து மூடினான். சொன்னால் சௌமியா என்ன நினைப்பாள்? இதையெல்லாம் நம்புவீர்களா என்று கண்ணை விரிப்பாள். சொந்தப் போட்டுக்கு எதற்கு இத்தனை கட்டுப்பாடு என்று திருமுருகன் கேட்பான். மென்று முழுங்கிவிட்டான். பின்பக்கம் வைத்து எடுத்தால் நன்றாக இருக்குமே என்று மட்டும் ஒரு வார்த்தை போட்டுப் பார்த்தான். முன்பக்கம் நின்றால்தான் துறைமுகத்துக் கிரேன்கள் பின்னால் தெரியும் என்று ஹஃப்சா சொன்னாள். அவ்வளவுதான், அடங்கிவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலை எல்லோரும் காசிமேட்டில் வந்து இறங்கினார்கள். மனோகரன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு நின்றிருந்தார். பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கைகொடுத்து ஏற்றிவிட்டார். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, தான் நின்றால் பிள்ளைகளுக்குக் கூச்சமாக இருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ, டீயும் பஜ்ஜியும் வாங்கி வருகிறேன் என்று கிளம்பிப் போனார்.

அவர் தலை மறைந்ததும் திருமுருகன் பூட்ஸ் காலோடு அணியத்தில் ஏறினான். திலீப் பார்த்துக்கொண்டு நின்றான். முனையில் சாமந்திச் சரம் கட்டியிருந்தது. தலைப்பு வருகிற இடத்தை அது மறைக்கிறது, எடுத்துவிடலாமா என்று ஹஃப்சா அவனைத்தான் கேட்டாள். அவள் கேட்டாள் ஐயா, கேட்டாள். அங்கேயாவது சொல்லியிருக்கலாம். அவன் போய்த் தன் கையாலேயே அவிழ்த்துக் கயிற்றுக் கட்டின்மேல் வைத்தான்.

ரோஸ் சிரப்பில் கோகோ பவுடர் கலந்து ரத்தம் செய்து கொண்டுவந்தவனும் அவனே. முதல் தடவை எடுத்தபோது திருமுருகனுக்குக் கை வழுக்கிக் கத்தி விழுந்துவிட்டது. இன்னொரு தடவை எடுக்க வேண்டும். எடுக்க வேண்டுமென்றால் பழைய கறை இருக்கக்கூடாது. இடத்தைச் சோடிப்பவன் வேலை அது. திலீப் வாளியில் தண்ணீர் மொண்டு ஊற்றித் துடைப்பத்தால் தேய்த்தான். சிவப்போடு சேர்ந்து மஞ்சளும் குங்குமமும் கரைந்து ஓடின. அப்பாவும் அவர் ஆட்களும் வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டு வந்து வைத்த மஞ்சள். அது ஓடுவதை அவன் பார்த்தான். பார்த்துக்கொண்டே தேய்த்தான். அப்புறம் பலகை சுத்தமாக இருந்தது, ஷாட் நன்றாக வந்தது.

வலை எடுக்க வந்த அன்புமணிதான் முதலில் பார்த்தார். மனோகரனோடு வருஷக்கணக்காகக் கடலுக்குப் போகிற ஆள். அணியத்தையும் பூட்ஸையும் பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தார். கொஞ்ச நேரத்தில் மற்ற ஆட்கள் வந்தார்கள். பைக்கில் ஜெயவேலும் வந்தார். கையில் டீப் பையோடு மனோகரனும் வந்து சேர்ந்தார்.

அவர் அணியத்தைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். பையை ஹஃப்சாவிடம் நீட்டி, "டீ ஆறிடும்மா, குடிங்க மொதல்ல" என்றார்.

"யாரக் கேட்டு என் போட்டுல ஆள ஏத்துன மனோகரா?" என்றார் ஜெயவேல்.

சௌமியா சட்டென்று திலீப்பைத் திரும்பிப் பார்த்தாள். இவனுக்கு முகம் எரிந்தது. இதைத்தான் சொல்லியே ஆகவேண்டும்: அந்த நேரத்தில் அவன் வெட்கப்பட்டது மஞ்சளுக்காக அல்ல, அப்பாவுக்காகவும் அல்ல. போட்டு சொந்தமில்லை என்று இவர்களுக்குத் தெரிந்துபோயிற்றே என்றுதான் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. பிற்பாடு அதை நினைத்து நினைத்துக் கூசினான். ஆனால் அப்போது அதுதான் தோன்றியது.

கேட்காமல் விட்டது தன் தப்பு என்று மனோகரன் ஒப்புக்கொண்டார். ஜெயவேல் மோசமான ஆளில்லை. சரி, அது போகட்டும், மறுபடி பூசை போட்டுக்கொள்ளலாம், ஆனால் ஆட்கள் ஏற மாட்டேன் என்கிறார்களே என்றார். அன்புமணி குரலை உயர்த்தாமல் பேசினார்.

"கடல்ல நாளிக்கு ஒண்ணு ஆச்சின்னா எல்லாருக்கும் இதான் ஞாபகம் வரும் டிரைவரே. நீ சொல்லி அனுப்புனியா இல்லியா, அத மட்டும் சொல்லு. சொல்லியும் இதுங்க கேக்கலன்னா உன்ன ஒண்ணும் சொல்ல மாட்டோம்."

எல்லோரும் மனோகரனையே பார்த்தார்கள். மனோகரன் ஒரு நிமிஷம் மகன் பக்கம் பார்த்தார். நைனா சொன்னார், நான்தான் மறைத்துவிட்டேன், கழுவியதும் நான்தான் என்று திலீப் சொல்லியிருந்தால், ஏச்சும் பேச்சும் இவனோடு போயிருக்கும், அப்பாவின் இடம் அவருக்கே இருந்திருக்கும். இவனுக்கு அது தெளிவாகவே தெரிந்தது. சௌமியா அங்கே நின்றுகொண்டிருந்தாள். இவன் தரையைப் பார்த்தான்.

"நான் சரியா சொல்லல. என் தப்புதான்," என்றார் மனோகரன்.

வீட்டில் முத்தம்மா ஆடித் தீர்த்தாள். அவர் அவளை அடக்கினார். இவன் சொல்லித்தான் இருப்பான், ஊரார் பிள்ளைகள், காதில் வாங்கியிருக்க மாட்டார்கள், வந்தவர்களை எதிர்த்து இவன் என்ன செய்வான் என்று மகனுக்காக அவரே பேசினார். உண்மையிலேயே அப்படித்தான் நம்பினார். திலீப் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தான். இல்லை நைனா என்று சொல்ல அன்றைக்கு ஒரு முழு ராத்திரி இருந்தது, அதற்கப்புறமும் நாள்கள் இருந்தன. ஒவ்வொரு நாளும் சொல்வது முந்தின நாளைவிடக் கஷ்டமாகிக்கொண்டே போனது.

தடைக்காலம் முடிந்து ஜெயவேல் போட்டு வேறு டிரைவரோடு கடலுக்குப் போயிற்று. மனோகரன் இன்னொரு போட்டில் வலை இழுக்கிற ஆளாகச் சேர்ந்தார். அதை ஓட்டுகிறவன் அவரிடம் தொழில் பழகியவன். அவரை ஏவ அவனுக்கு வாய் வரவில்லையாம், தூர நின்று பொதுவாகச் சொல்வானாம். திரும்பி வரும்போது உள்ளங்கையில் தோல் உரிந்திருக்கும். மகன் எதிரில் கையை மடக்கிக்கொள்வார்.

கல்லூரியில் ஆரம்பக் காட்சியைப் போட்டுக் காட்டினார்கள். கைதட்டல் பலமாக இருந்தது. அசல் வடசென்னையே வந்து உட்கார்ந்துவிட்டது என்று பாராட்டினார்கள். திலீப் கடைசி பெஞ்சில் இருந்தான். கேட்கக் கேட்கக் குறுகிப் போனான்.

மனோகரனுக்கு வேலை போன செய்தி ஹஃப்சா காதுக்கு எட்டி, அவள் வழியாக சௌமியாவுக்குத் தெரிந்தது. ஒரு சாயங்காலம் சௌமியா திருவொற்றியூருக்கு ரயிலேறி, வழி விசாரித்துக்கொண்டு நேராக வீட்டு வாசலில் வந்து நின்றாள். அன்றைக்கு மனோகரன் கரையில் இருந்தார். இருந்த ஒரு நாற்காலியை அவளுக்குப் போட்டுவிட்டுத் தான் தரையில் உட்கார்ந்தார். அவள் நாற்காலியில் உட்காரவில்லை. அவர் எதிரில் அவளும் தரையில் உட்கார்ந்தாள்.

"அங்கிள், மன்னிச்சிருங்க. அங்க ஏறக்கூடாதுன்னு எங்களுக்குத் தெரியவே தெரியாது. தெரிஞ்சிருந்தா சத்தியமா ஏறியிருக்க மாட்டோம். ஏலம் கூவுற அம்மாவத்தான் முதல்ல எடுக்கறதா இருந்தோம். எங்ககிட்ட யாருமே சொல்லல அங்கிள்."

திலீப் சுவரோரம் நின்றிருந்தான். மனோகரன் தலையைத் தூக்கி அவனைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பான். அவர் பார்த்தது, கணக்குச் சரியாகிவிட்ட மாதிரி, அப்படியா என்கிற மாதிரி. முத்தம்மா சமையல் பக்கமிருந்து வெளியே வந்து வாயைத் திறந்தாள். அவர் கையைக் காட்டி அவளை நிறுத்தினார்.

"இவன் மேல ஒண்ணும் தப்பு இல்லம்மா," என்றார் சௌமியாவிடம். "நான் இவனாண்ட சொல்லவே இல்ல. சொல்லணும்னு நெனச்சேன், மறந்து பூட்டேன். வயசாவுதில்ல."

சௌமியாவுக்கு மூச்சு வந்தது. அவள் முகம் தெளிந்ததை திலீப் பார்த்தான். இப்போதாவது சொல், இப்போதாவது சொல் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அப்பா அவன் பக்கம் திரும்பவே இல்லை. பெண் தனியாகப் போக வேண்டாம், ஸ்டேஷன் வரைக்கும் போய் விட்டுவிட்டு வா என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

இருவரும் நடந்தார்கள். கும்மிடிப்பூண்டிப் பக்கமிருந்து வருகிற வண்டிக்கு இன்னும் நேரம் இருந்தது. பிளாட்பாரத்தில் நின்றபோது, மனசு இப்போதுதான் லேசாக இருக்கிறது என்றாள் சௌமியா. உங்கள் அப்பா ரொம்ப நல்லவர், அதனால்தான் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே என்றும் சொன்னாள்.

"அடுத்த தடவ இந்த மாதிரி ஏதாவது இருந்தா, மறக்காம முன்னாடியே சொல்லிடச் சொல்லு அவர. பாவம், ஒரு வார்த்தையில முடிஞ்சிருக்கும்."

சரி, சொல்கிறேன் என்றான் திலீப்.