ஆட்டுக்கூட்டின் கூரையில் இருந்த முகம்

கடலுக்குப் போய்த் திரும்பாத ஒரு பையனின் படத்தை அவிழ்த்துக்கொண்டு வந்து என் ஆட்டுக்கூட்டுக்குக் கூரையாகப் போட்டேன். அவனுடைய தாய் கேட்டபோது பொய் சொன்னேன். வீட்டில்கூடச் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்.

பாறசாலையில் ஒரு ஃபிளெக்ஸ் கடைக்கு போர்டு கட்டுவது என் வேலை. நீங்கள் அந்த வழியாகப் பேருந்தில் போயிருந்தால் நான் கட்டிய முகங்களைப் பார்த்திருப்பீர்கள். என்னைப் பார்த்திருக்கமாட்டீர்கள். எனக்கும் அதுதான் வசதி. நாலு பேர் முன்னால் எனக்கு நாக்கு எழாது. நாலாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான்.

கடலுக்குப் போன அந்தப் பையன், பொழியூர் சஜினின் அஞ்சலி போர்டைப் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே கட்டினேன். படகு கவிழ்ந்ததில் மற்றவர்கள் நீந்திக் கரையேறினார்கள். அவன் உடல்கூடக் கிடைக்கவில்லை. சிநேகிதனின் கல்யாணத்தில் யாரோ போனில் எடுத்த படத்திலிருந்து அவனை மட்டும் வெட்டியெடுத்து, பின்னால் மேகம் வைத்து, கடையில் பெரிதாக அடித்தார்கள். நல்ல சிரிப்பு. தெரியாதவர்கள்கூட அதன்முன் ஒரு நிமிடம் நின்றார்கள். அவன் தாய் ரோசம்மா மீன் விற்றுவிட்டு வரும்போது கூடையை இறக்கிவைத்து, எதிரே நிறுத்தத்தில் உட்கார்ந்திருப்பாள்.

நாற்பத்தொன்றாம் நாள் பூசை முடியும்வரை போர்டு நிற்பது வழக்கம். நான் அதற்கு முன்பே அவிழ்த்தேன். மழை தொடங்கிவிட்டது. ஆட்டுக்கூட்டின் கூரை ஒழுகியது. என் ஆடு குட்டி போட இருந்தது. எப்படியும் சில நாளில் அவிழ்க்கவேண்டியதுதானே... அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மரச்சட்டத்தைக் கடையில் சேர்த்தேன், ஃபிளெக்ஸ் துணியை வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

கூரைக்குப் போடும்போது வெள்ளைப் பக்கம் மேலே, படம் கீழே. எங்கள் வேலையில் எல்லாரும் அப்படித்தான் செய்வோம். வெயில் ஏறாது என்போம். வழியில் போகிறவர்கள் கண்ணில் படாது என்பதும் உண்டு. கூட்டின் நடுக்காலுக்கு இடம் விடத் துணியைக் கிழித்தேன். கிழிசல் அவன் கன்னத்தில் விழுந்தது.

அடுத்த வாரம் சந்தை வாசலில் ரோசம்மா என்னைப் பிடித்தாள்.

“அண்ணே, எனக்க பயலுக்க போர்டு எங்க?”

“பஞ்சாயத்துக்காரங்க எடுத்திட்டுப் போயிட்டாங்க.”

“எடுத்தா எங்க போடுவாங்க?”

“குப்பையில தான்.”

அந்தக் கடைசிச் சொல்லை ஏன் சொன்னேன்? தேடவேண்டாம் என்று அவளுக்குத் தோன்றட்டும் என்றுதான்.

“ஆதார்ல இருக்கியது அவன் இல்லண்ணே. ஏதோ ஜெயிலுக்குப் போன பய மாதிரி இருக்கு. சிரிச்சிட்டு நிக்கியது அதுல மட்டுந்தான் உண்டு.”

அவள் முன்பே கடையிலும் கேட்டிருந்தாள். முதலாளி பழைய படங்களைக் கணினியில் வைத்துக்கொள்வதில்லை. படம் கொடுத்த சிநேகிதன் வெளிநாட்டில் இருந்தான். அவனுடைய பழைய போன் கெட்டுப்போயிருந்தது. சஜினின் போன் அவனோடு கடலில் போயிற்று.

அன்றே அவிழ்த்துக் கழுவி, கிழிசலைத் தைத்துக் கொடுத்திருக்கலாம். வைதிருப்பாள். நாலு பேர் கூடியிருப்பார்கள். அதற்குப் பயந்தேன்.

என் மகள் ஜிஷா திருவனந்தபுரத்தில் கல்லூரியில் படிக்கிறாள். படங்கள் மனிதரிடம் எப்படிப் பேசுகின்றன, நாம் வாழும் விதத்தை எப்படி மாற்றுகின்றன என்பதுதான் அவள் படிப்பு. இப்படியும் ஒரு படிப்பு உண்டு என்று அவள் சேர்ந்த பிறகுதான் எனக்குத் தெரியும். விடுமுறைக்கு வந்தால் என்னோடு சாலையில் நடந்து கேள்வி கேட்பாள்.

“செத்தவங்க எல்லாரும் எதுக்கப்பா மேகத்துக்கு நடுவுல நிக்கணும்?”

“மேகம் இல்லேண்ணா கல்யாண போர்டு ஆயிரும் மக்களே.”

விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு அதை வகுப்பில் சொல்லி, ஒரே முகத்தை நாம் எதை வைத்து வாழ்த்தாகவோ அஞ்சலியாகவோ படிக்கிறோம் என்று கட்டுரையும் எழுதினாள்.

போர்டுகள் கடைசியில் எங்கே போகின்றன என்பது அவளுடைய அடுத்த வேலை. காரோடு கிராமத்துப் பக்கம் வீடுவீடாகப் போய்ப் படம் எடுத்தாள். விறகை மூடிய அமைச்சர், குளியலறைக்கு மறைப்பான மணப்பெண்... ஒருநாள் எங்கள் ஆட்டுக்கூட்டுக்குள் மல்லாந்து படுத்து, ஆட்டின் கொம்பும் படத்தில் விழும்படி மேலே பார்த்து எடுத்தாள்.

“அப்பா, கூட்டுக்குள்ள ஒரு அண்ணன் சிரிச்சிட்டு இருக்காரு. யாரு இது?”

“தெரியாது மக்களே.”

எடுத்த படங்களை எடுத்த ஊர்களிலேயே மக்கள் பார்க்க வைக்கவேண்டும் என்று அவர்கள் வகுப்பில் முடிவானது. கடற்கரை ஊர்களுக்குப் பொழியூர் பள்ளி அரங்கு என்று ஆனது. ஆட்டுக்கூட்டுப் படத்தை மட்டும் வைக்காதே என்று நான் சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்பாள். அந்தக் கேள்விக்குப் பயந்து, அந்தப் படத்தையும் என் கையாலேயே சுவரில் மாட்டினேன்.

ரோசம்மா வந்தாள். ஒவ்வொன்றாகப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தவள் அதன்முன் நின்றுவிட்டாள். வெகுநேரம் நின்றாள். விரலால் கிழிசலைத் தொட்டாள். பிறகு ஜிஷாவைக் கூப்பிட்டாள்.

“இது எங்க எடுத்தது மக்களே?”

“எங்க வீட்டு ஆட்டுக்கூடாக்கும். உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?”

“எனக்க மோன்.”

ஜிஷா அவள் கையைப் பிடித்தாள். “ஐயோ, அக்கா... அப்பாவுக்கு யாருன்னு தெரியாது. கடையில கழிச்சுப் போட்டது” என்றாள். என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னாள். ஜிஷா அதை உண்மையென்றே நம்பியிருந்தாள்.

ரோசம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். என் மகளிடம், “இத எனக்குத் தருவியா?” என்று மட்டும் கேட்டாள்.

“தாறேன் அக்கா. அப்பா வந்து மாட்டித் தருவாங்க.”

போனேன். கடலைப் பார்த்த சிறிய வீடு. திருஇருதய ஆண்டவர் படத்துக்குப் பக்கத்தில் இடம் காட்டினாள். வழக்கம்போல ஆணிகளை வாயில் கவ்விக்கொண்டு முக்காலியில் ஏறினேன்.

“கொஞ்சம் தாழ... இந்தப் பக்கம். ஆங்.”

முதல் ஆணி இறங்கியதும் பின்னால் அவள் குரல் கேட்டது.

“அண்ணே, இது பஞ்சாயத்துக்காரங்க எடுத்திட்டுப் போனது தானே?”

கோபமே இல்லாத குரல். கதவைத் திறந்துவைத்துவிட்டு விலகி நின்றது போலக் கேட்டாள். என் வாயில் இரண்டு ஆணிகள் இருந்தன. எடுத்துவிட்டுப் பேசியிருக்கலாம். நான் சுவரைப் பார்த்தபடி தலையை ஆட்டினேன். ஆமாம் என்று ஆட்டினேன்.

“சரி” என்றாள். கட்டன்சாயா போட்டுத் தந்தாள். குடித்துவிட்டு வந்தேன்.

கூரைக்கு வேறு துணி போட்டுவிட்டேன். சஜினைச் சோப்புப் போட்டுக் கழுவி, காயவைத்து, கிழிசலைத் தைத்து, சுருட்டிக் கதவுக்குப் பின்னால் நிறுத்தியிருக்கிறேன். ஜிஷா போனில் கேட்கிறாள்: “அந்தத் துணிய அவங்களுக்குக் கொடுத்தியளா அப்பா?” கொடுக்கப்போகிறேன் என்கிறேன்.

கொடுப்பதற்கு வாய் திறக்கவேண்டும். ரோசம்மா வீட்டுச் சுவரில் அந்தப் பையன் கன்னத்தில் கிழிசலோடு, ஒரு ஆட்டுக்கொம்பின் மேலாகச் சிரித்துக்கொண்டிருக்கிறான். கிழிசல் தைத்த படம் என் கதவுக்குப் பின்னால் நிற்கிறது.