ஓடுகிற சோம்பேறி

சமையலறைத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தவன் கணவன். ஞாயிற்றுக்கிழமை அது அவன் வேலை. மனைவி மேஜை முன் உட்கார்ந்து, சரக்கு சரியாமல் ஓட்டுவது பற்றி மறுநாள் கிடங்கில் எடுக்க வேண்டிய பாடத்தை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். பல வருஷமாகச் சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறவள். பாடம் எடுபட்டால் ஓட்டுநர்களுக்குப் பயிற்சியாளர் ஆகலாம். சொதப்பினால் அந்த வேலை, அதே கிடங்கில் ஓட்டுகிற கொழுந்தனுக்கு.

"இனர்ஷியா. தமிழ்ல நிலைமம். லத்தீன்ல 'இன்'னா இல்லை, 'ஆர்ஸ்'னா கைத்திறன். ரெண்டும் சேந்து 'இனெர்ஸ்'. ஒரு வேலையும் தெரியாதவன், சோம்பேறி."

"என் தம்பியப் பாத்து வெச்ச பேரா?" என்றான் கணவன்.

சோபாவில் படுத்திருந்த கொழுந்தன் தலையைத் தூக்கினான். "அண்ணி, அங்க எல்லாரும் தலைதெறிக்க ஓட்டறவங்க. அவங்ககிட்ட சோம்பேறிக் கதையா? மானம் போயிடும்."

அவள் முகம் விழுந்துவிட்டது. அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நிற்கிற வண்டியிலிருந்து எந்தச் சரக்கு சரிகிறது?

கணவன் சக்கர வாளியை ஒரு தள்ளு தள்ளினான். வாளி நிலைப்படியில் முட்டி நின்றது. தண்ணீர் நிற்கவில்லை. கூடத்துக்குத் தாவி, கொழுந்தனின் செருப்பை நனைத்தது.

கணவன் தலையில் கை வைத்தான். அவளோ, "இன்னொரு வாட்டி தள்ளுங்க!" என்று எழுந்தேவிட்டாள்.

மறுநாள் ஓட்டுநர்களை ஓரமாக நிறுத்திவிட்டு, தளும்பத் தளும்ப ஒரு வாளியை வண்டியில் ஏற்றினாள். ஓட்டினாள். சட்டென்று பிரேக். தண்ணீர் முன்னால் பாய்ந்தது.

"வண்டி நின்னுச்சு, தண்ணி ஏன் நிக்கல? இதுக்குப் பேரு இனர்ஷியா, லத்தீன்ல சோம்பேறித்தனம். இந்தச் சொல்ல அறிவியலுக்குக் கொண்டாந்தவரு, கெடக்கற பொருள் நகர மாட்டேங்குதேன்னுதான் யோசிச்சாரு. ஓடற பொருளுக்கும் அதே பிடிவாதம்னு பின்னாடி வந்தவங்க சொன்னாங்க. அதுக்குத் தானா நிக்கத் தெரியாது. பிரேக் உங்க காலுக்குக் கீழ இருக்கு, சரக்குக்குக் கீழ இல்ல."

"அப்ப போன வாரம் பெட்டியக் கவுத்தது நான் இல்லக்கா, லத்தீன்காரன்!" என்றான் ஒருவன். கிடங்கே அதிர்ந்தது.

பிறகு ஒவ்வொருவராக வாளியோடு ஓட்டிப் பார்த்தார்கள். முதலில் குளித்தார்கள். மத்தியானத்துக்குள் ஒரு சொட்டு சிந்தாமல் நிறுத்தினார்கள். "வேலை உங்களுக்குத்தாம்மா," என்றார் மேலாளர். விசில் பறந்தது. வீடு வரும்வரை அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

கொழுந்தன் கூடத்தில் காத்திருந்தான். "அண்ணி, அடுத்த மாசம் எனக்கு வண்டி ஓட்டற டெஸ்ட். நீங்கதான் மார்க் போடுவீங்களாமே. வீட்டு ஆளுன்னு கொஞ்சம் பாத்துப் போடுவீங்கல்ல?"

"மார்க்க நான் போடல, வாளி போடும்," என்றபடி பயிற்சியாளருக்கான புது மஞ்சள் மேலங்கியை அவள் உதறி மாட்டினாள். கண்ணாடியில் முன்னும் பின்னும் பார்த்தாள். அடுத்த வீட்டில் காட்டிவிட்டு வர வெளியே போனாள்.