பஹ்மியாவின் பெயின்ற்றும் ஊரார் விரல்களும்

பெயின்ற் பூசிய எதைக் கண்டாலும் கிண்ணியாவில் யாருக்கும் கை சும்மா இருக்காது. "காஞ்சிட்டா?" என்று வாய் கேட்கும், பதில் வருமுன்னே விரல் போய்விடும். இந்த ஒரு வழக்கத்தால் பஹ்மியா பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

பஹ்மியாவின் கணவன் முனீப் ஃபைபர் வள்ளம் திருத்துகிறவன். கல்யாணமாகி மூன்றாம் வருடமே அவனுடைய மோட்டார் சைக்கிளை உப்புக்காற்று தின்னத் தொடங்கிவிட்டது. சக்கரத்துக்கு மேலுள்ள மட்காட் கறள் பிடித்து, கை பட்டால் உதிர்ந்தது.

"வள்ளத்துக்குப் பூசுற பெயின்ற் கடலுக்குள்ளயே நிக்கிது. மட்காட்டுல ஏன் நிக்காது?" என்று கேட்டாள் பஹ்மியா. பதில் தெரியாத கேள்விக்கு எப்போதும் செய்வதுபோல முனீப் தேத்தண்ணி கேட்டான். அவளே கறளைச் சுரண்டி, இரண்டு டப்பாக்களைக் கலந்து பூசும் அந்தப் பெயின்ற்றை மெல்லிசாக மூன்று தரம் அடித்தாள். ஐந்து மாரி போய்விட்டது. மட்காட் அப்படியே இருக்கிறது. முதலில் முனீபின் கூட்டாளிகள் மட்காட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், பிறகு ஊரே வந்தது.

அடிப்பது கஷ்டமில்லை, காய விடுவதுதான் கஷ்டம். கச்சான் காற்று தூசியைக் கொண்டுவந்து ஒட்டுமென்று பின் விறாந்தையில் நுளம்பு வலை கட்டி, அதற்குள் தொங்கவிட்டாள். தூசி உள்ளே போகவில்லை, விரல்கள் போயின. "தொடாதீங்க" என்று எழுதி ஒட்டினாள். அதுவரை தொடாதவர்களும் தொட்டார்கள். பக்கத்து வீட்டு ஜெமீலா ராத்தா அதை வாசித்துக்கொண்டே தொட்டாள். கடைசியில் பஹ்மியா எப்போதோ பெயின்ற் அடித்துக் காய்ந்துபோன ஒரு பழைய செயின் கவரை வாசலில் தொங்கவிட்டாள். வருகிறவர்கள் தொடுவதற்கென்றே அது. வந்தவர்கள் அதைத் தொட்டு, விரலைப் பார்த்து, திருப்தியாகக் கதையைத் தொடங்கினார்கள். வலைக்குள் ஒரு விரலும் போகவில்லை. பஹ்மியா தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டாள்.

அப்படி இருக்கும்போதுதான் திரியாயிலிருந்து கனகரத்தினத்தின் மோட்டார் சைக்கிள் பெற்றோல் தாங்கி வந்து சேர்ந்தது. அவர் கமக்காரர் சங்கச் செயலாளர். உழவு மெஷின் வாங்கப் போகிறவனும் சரி, பெண் பார்க்கப் போகிறவனும் சரி, அவரை ஒரு வார்த்தை கேட்காமல் போகமாட்டான். அவர் நல்லது என்றால் குச்சவெளி வரைக்கும் அது நல்லது. தாங்கியைத் தரும்போதே, "பொம்பிளையள் அடிச்ச பெயின்ற் ஒரு மாரி தாங்குமோ, பாப்பம்" என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினார். பஹ்மியாவுக்கு அந்தச் சொல் நெஞ்சில் தைத்தது. இந்தத் தாங்கி சரிவந்தால் வடக்குக் கரை முழுக்கத் தன் பேர் போகும். பிழையாகிவிட்டால் அந்தப் பேர் கிண்ணியாப் பாலத்தைத் தாண்டாது.

செவ்வாய்க்கிழமை காலை சிவப்பின் கடைசிப் பூச்சை அடித்தாள். இரண்டு நாள் வலையைத் தூக்கக் கூடாது என்பது அவளுடைய சட்டம். வியாழன் காலை தூக்கினாள். தாங்கியின் உச்சியில், நட்டநடுவில், ஒரு விரல் அடையாளம். ரேகையைக்கூட எண்ணலாம்.

அவள் போட்ட சத்தத்தில் முனீப் பாதித் தேத்தண்ணியுடன் ஓடிவந்தான்.

"நான் தொடல்ல" என்றான், அவள் கேட்குமுன்பே.

"கையக் காட்டுங்க!"

இந்தப் பெயின்ற் விரலில் பட்டால் லேசில் போகாது. முனீபின் கை சுத்தமாக இருந்தது. ஜெமீலா ராத்தாவைக் கூப்பிட்டுப் பார்த்தாள், அவளுடையதும் சுத்தம். உரஞ்சித் திரும்ப அடிக்க இரண்டு நாள் வேண்டும். கனகரத்தினமோ பத்து மணிக்கு வருகிறார். பஹ்மியாவுக்கு அழுகை வந்துவிட்டது. ஆனால் ஒளித்து மறைக்கிற குணம் அவளிடம் இல்லை. வந்ததும் காட்டிவிடுவதென்று முடிவெடுத்தாள்.

அவர் வந்து கதிரையில் இருந்தார். வலது கை காற்சட்டைப் பைக்குள் இருந்தது. பஹ்மியா தேத்தண்ணியை நீட்டினாள். அவர் இடது கையால் வாங்கினார்.

பஹ்மியா திகைத்துப்போனாள். ஊருக்கே ஒழுங்கு சொல்கிற மனிதர், அடுத்தவர் வீட்டில் இடக்கையால் வாங்குவதா?

"ஐயா, சோத்துக் கையால எடுங்க."

"பரவாயில்லை, தங்கச்சி."

"எடுங்க ஐயா."

வலது கை மெல்ல வெளியே வந்தது. ஆட்காட்டி விரலின் நுனி செக்கச்செவேலென்று இருந்தது.

"செவ்வாய்க்கிழமை ரவுணுக்கு வந்தனான்" என்றார் கனகரத்தினம், நிலத்தைப் பார்த்தபடி. "அப்பிடியே இஞ்சாலையும் எட்டிப் பாத்தன். நீங்கள் தொழுதுகொண்டிருந்தனீங்கள். வாசல்ல தொங்கினதைத் தொட்டன், காய்ஞ்சிருந்தது. அது காய்ஞ்சா இதுவும் காய்ஞ்சிருக்குமெண்டு..."

தன் மூளையின் மேல் பஹ்மியாவுக்கு இருந்த மதிப்பு அந்த இடத்தில் கொஞ்சம் இறங்கியது.

"மண்ணெண்ணெய் போட்டன், பெற்றோல் போட்டன், பொச்சால உரஞ்சினன். போகுதில்லை! சங்கத்தில எல்லாரும், ஐயா ஆருக்கு வோட்டுப் போட்டனீங்கள் எண்டு கேக்கிறாங்கள். கேற்றுக்குப் பெயின்ற் அடிச்சனான் எண்டு பொய் சொல்லிக்கொண்டு திரியிறன்."

"உப்புக்கே போகாது ஐயா. மண்ணெண்ணெய்க்குப் போகுமா?" என்றாள் பஹ்மியா. சிரிப்பையும் பெருமையையும் அவளால் அடக்க முடியவில்லை.

கனகரத்தினம் தன் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒரு மாரி என்ன, பத்து மாரியும் தாங்கும்" என்று கடைசியில் ஒப்புக்கொண்டார்.

"ரெண்டு நாள் தாங்க, திரும்ப அடிச்சுத் தாறன்."

"வேண்டாம், என்ர விரல் அதிலயே கிடக்கட்டும். களவு போனா அடையாளம்." தேத்தண்ணியை வலக்கைக்கு மாற்றிக்கொண்டார். "ஆர் அடிச்சதெண்டு கேட்டா உங்கட பேரைத்தான் சொல்லுவன். ஆனா ஆர் தொட்டதெண்டு கேட்டா, உங்கட மனுசன் எண்டு சொல்லுவன். சம்மதமோ?"

"நான் தொடவே இல்லயே!" என்றான் முனீப் குசினி வாசலில் நின்று.

"சம்மதம் ஐயா" என்றாள் பஹ்மியா, யோசிக்காமலே.

அடுத்த கிழமை திரியாயிலிருந்து இரண்டு தாங்கிகளும் மூன்று மட்காட்டுகளும் வந்தன. கொண்டுவந்தவர்கள் எல்லாரும் முனீபைப் பார்த்துச் சிரித்தார்கள். முனீப் தேத்தண்ணி கேட்டான்.